போருக்கு நடுவே சொட்டு மருந்து: ‘அமைதி நாட்கள்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமைதி நாள் என்றால் என்ன? போர்நிறுத்தம்தானே?

இல்லை. போர்நிறுத்தம் என்றால் அரசியல் பேச்சு, கண்காணிப்புக் குழு, எல்லைக்கோடு என்று நீண்டுகொண்டே போகும். அமைதி நாளில் பேசப்படுவது ஒன்றே ஒன்றுதான்: குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்து முடிக்கும்வரை, இன்ன இடத்தில், இன்ன நேரத்துக்குச் சுட மாட்டோம். மறுநாள் சண்டை தொடரலாம். பெரும்பாலும் தொடரத்தான் செய்தது.

எவ்வளவு நேரம் என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. எல் சால்வடோரில் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள். 2024இல் காஸாவில் காலை 6 மணி முதல் பிற்பகல் 3 வரை. 1995இல் தென் சூடானில் ஏறக்குறைய ஆறு மாதம். அங்கே ஒழிக்க வேண்டியிருந்தது நரம்புச் சிலந்தி என்ற புழு நோயை. அதற்குத் தடுப்பூசி கிடையாது. குடிதண்ணீரை வடிகட்டும் துணியைக் கிராமம் கிராமமாகக் கொடுத்து, தண்ணீரில் புழுவின் குஞ்சைச் சுமக்கும் நுண்ணிய பூச்சிகள் வயிற்றுக்குள் போகாமல் தடுக்க வேண்டும். புழு உடலுக்குள் வளர்ந்து வெளியே வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் என்பதால், ஒரு நாள் ஓய்வு கிடைத்து எதுவும் ஆகாது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பேசி முதலில் இரண்டு மாதம் வாங்கினார், பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிகட்டித் துணிகள் போய்ச் சேர்ந்தன.

முதன்முதலில் எங்கே நடந்தது?

பெரிய அளவில், தேசம் முழுக்க என்றால் எல் சால்வடோரில், 1985இல். உள்நாட்டுப் போர் ஐந்தாண்டு கடந்திருந்த நேரம். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் தலைவராயிருந்த ஜேம்ஸ் கிராண்ட், அதிபர் ஹோசே நெப்போலியன் துவார்த்தேயிடம் யோசனையைச் சொன்னார். கெரில்லாக்களிடம் அதைக் கொண்டுபோனது கத்தோலிக்கத் திருச்சபை. பிப்ரவரி 3, மார்ச் 3, ஏப்ரல் 21 ஆகிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சுமார் 2.5 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ, முத்தடுப்பு, தட்டம்மை மருந்துகள் கொடுக்கப்பட்டன.

ஏன் மூன்று நாள்? முத்தடுப்பு ஊசியும் போலியோ சொட்டும் மூன்று தவணை வேண்டும், தவணைகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் விட வேண்டும். பேச்சுவார்த்தையில் “ஒரு நாள் போதாதா?” என்று தளபதிகள் கேட்பது வழக்கம். போதாது. முதல் தவணைக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வருவது பாதிக் கிணறு தாண்டுவதுதான்.

1992இல் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அங்கே ஆண்டுதோறும் இது நடந்தது. அமெரிக்கக் கண்டங்களில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 1991இல் பெருவில் பதிவானார். 1994இல் அந்தக் கண்டங்கள் போலியோ அற்றவையாகச் சான்றளிக்கப்பட்டன.

இலங்கையில் நடந்ததா?

நடந்தது. 1995இல் தேசிய போலியோ தடுப்பு நாட்கள் தொடங்கியபோது யுனிசெஃப் நடுவில் நிற்க, அரசும் விடுதலைப் புலிகளும் அந்த நாட்களுக்குச் சண்டையை நிறுத்த ஒத்துக்கொண்டனர். பின்வந்த ஆண்டுகளிலும் இது தொடர்ந்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானவர். ஆக, அமைதி நாட்களால்தான் போலியோ ஒழிந்தது என்று சொல்வது சரியல்ல. ஒழிந்தது திரும்பி வராமல் காத்தது என்று சொல்லலாம்.

இன்னொரு காரணமும் இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலும் சுகாதாரத் துறை அரச சம்பளத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல மாது (மருத்துவச்சி) என்ற அமைப்பு அறுந்துபோகவில்லை. எந்த வீட்டில் எத்தனை கைக்குழந்தை என்பது குடும்பநல மாதுவின் பதிவேட்டில் இருந்தது. சண்டையை ஒரு நாள் நிறுத்திவிட்டால் வேலை செய்ய ஆள் தயாராக இருந்தார்கள். அப்படி ஆளில்லாத நாடுகளில் துப்பாக்கி ஓய்ந்தாலும் மருந்து வீட்டுக்கு வந்துவிடாது.

எதற்கெடுத்தாலும் ஏன் போலியோ?

சொட்டு மருந்துக்கு ஊசி வேண்டாம், நர்ஸ் வேண்டாம். இரண்டு சொட்டு, அவ்வளவுதான். அரை நாள் பயிற்சியில் உள்ளூர் ஆசிரியரோ கல்லூரி மாணவியோ கொடுத்துவிடலாம். இரு தரப்பாரின் பிள்ளைகளுக்கும் ஒரே ஆபத்து என்பதால் பேசவும் எளிது.

ஆனால் இந்த எளிமையே ஒரு பொறி. எது சுலபமோ அதற்கு மட்டும் அனுமதி கேட்டுக் கேட்டு, வருடத்துக்கு நாலு முறை போலியோ சொட்டோடு வருபவர்கள் ஒரு முறைகூடப் பிரசவ மருத்துவத்தோடு வராத நிலை உண்டாகும். “தண்ணி கேட்டா சொட்டு மருந்து கொண்டு வர்றீங்களே” என்று தாய்மார்கள் கதவைச் சாத்தினால் குறை அவர்களுடையதல்ல. முடிந்த இடங்களில் சொட்டு மருந்தோடு வைட்டமின் ஏ, குடற்புழு மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

ஒரு அமைதி நாளை ஏற்பாடு செய்வது எப்படி?

முதல் வேலை நடுவில் நிற்பவரைத் தேர்ந்தெடுப்பது. இரு தரப்பும் நம்புகிற ஆளாக இருக்க வேண்டும்: திருச்சபை, செஞ்சிலுவைச் சங்கம், யுனிசெஃப், சில இடங்களில் ஊர்ப் பெரியவர்கள். இரு தரப்பையும் ஒரே தாளில் கையெழுத்துப் போடச் சொல்வது வீண் வேலை. கிளர்ச்சிக்காரர்களுக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்று அரசு தயங்கும். அரசுக்குப் பணிந்ததாகிவிடும் என்று எதிர்த்தரப்பு முறுக்கும். அதனால் தனித்தனிக் கடிதம், ஒரே வாசகம், ஒரே வரைபடம், ஒரே நேரம்.

கடிதத்தில் “மருந்துகள் அனுமதிக்கப்படும்” என்று மட்டும் எழுதினால் வண்டி சோதனைச் சாவடியில் நிற்கும். மருந்துப் பெட்டி போய்விடும், ஐஸ் கட்டி போகாது. ஃபிரிட்ஜுக்கு மண்ணெண்ணெயும் டார்ச் விளக்குக்கு பேட்டரியும் தடைசெய்த பொருள் பட்டியலில் இருக்கும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே லிட்டர் கணக்கோடு எரிபொருள், எண்ணிக்கையோடு ஐஸ் பேக், வண்டி எண், ஓட்டுநர் பெயர், போகும் பாதை, திரும்பும் நேரம் எல்லாம் கடிதத்தோடு இணைந்த பட்டியலில் இருக்க வேண்டும். மை பேனாவைக்கூட விடக் கூடாது.

அடுத்தது செய்தி கீழே இறங்குவது. தலைமை ஒத்துக்கொண்டதும் எல்லாம் முடிந்ததாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. பதுங்குகுழியில் இருக்கும் பையனுக்கும் சாவடியில் நிற்கும் சிப்பாய்க்கும் உத்தரவு போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். இரு தரப்பு வானொலியிலும் ஒரே அறிவிப்பு வர வேண்டும். அன்று காலை ஒவ்வொரு சாவடியிலும் யாரைக் கூப்பிட்டால் கதவு திறக்கும் என்பது குழுத் தலைவரின் சட்டைப் பையில் எழுதி இருக்க வேண்டும். போன் கோபுரம் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவினர் உள்ளூர்க்காரர்களாக இருப்பது மிக முக்கியம். சீருடைக்காரர் எவரும் கூட வரக் கூடாது. பாதுகாப்புக்கு என்று ராணுவ ஜீப் பின்னால் வந்தால் முன்னால் போகிறவர் குறியாகிவிடுவார். ஜிபிஎஸ் கருவி, வீடியோ எடுப்பது, வீட்டுச் சுவரில் சாக்கட்டியால் குறி போடுவது இவையெல்லாம் சாதாரண முகாம்களில் வழக்கம்தான். போர்முனையில் அதே குறி, குண்டு போட அடையாளம் வைத்ததாகப் பேச்சைக் கிளப்பும். தாளில் எழுதினால் போதும்.

மருந்து எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

ஐந்து வயதுக்குட்பட்ட 10,000 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஏறத்தாழ 15 சதவீதம் வீணாகும். அதனால் 1.18ஆல் பெருக்க வேண்டும்: 11,800 தவணை. 20 தவணைக் குப்பியானால் 590, 50 தவணைக் குப்பியானால் 236. ஒரு குழுவில் இருவர். ஒருவர் சொட்டு விட, மற்றவர் இடது சுண்டுவிரலில் மை வைத்துக் கணக்கெழுத. ஒரு குழு நாளுக்கு 125 குழந்தைகளைப் பார்க்கும் என்று கொண்டால் 80 குழு-நாட்கள் தேவை. மூன்று நாள் அனுமதி என்றால் 27 குழு, ஒரே நாள் என்றால் 80. அனுமதி நாட்களைக் குறைத்துக்கொடுக்கும்போது ஆளும் பெட்டியும் மூன்று மடங்காகும் என்பதைப் பேச்சுவார்த்தை மேசையிலேயே சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் கேள்வி. போருக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கை நம்பினால் காலியான ஊருக்கு மருந்து குவியும், அகதி முகாமில் மதியமே தீர்ந்துபோகும். 100 சதவீதத்துக்கு மேல் அடைந்துவிட்டோம் என்று அறிக்கை வந்தால் கைதட்டாதீர்கள், அது பழைய கணக்கு என்பதற்கான அடையாளம்.

குளிர் குறைந்தால் என்ன ஆகும்? எப்படித் தெரிந்துகொள்வது?

சொட்டு மருந்து வெப்பத்தை மிகக் குறைவாகவே தாங்கும். நாட்டின் மையக் கிடங்கில் மைனஸ் 20 டிகிரி, வெளியே 2 முதல் 8 டிகிரி. ஒவ்வொரு குப்பியிலும் விவிஎம் என்ற வெப்பங்காட்டி லேபிள் இருக்கும்: ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். வெப்பம் பட்டால் சதுரம் கருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை கொடுக்கலாம். நிறம் ஒன்றாகிவிட்டாலோ அதைவிடக் கருத்தாலோ குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். சாவடியில் நான்கு மணி நேரம் வெயிலில் நின்ற பெட்டியைப் பற்றி வாதாடத் தேவையில்லை, லேபிளைப் பார்த்தால் போதும்.

சொட்டு மருந்தோடு ஊசி மருந்தும் போனால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சொட்டு உறைந்தாலும் கெடாது, எனவே ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து நேரே எடுத்து வைக்கலாம். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ரணஜன்னி ஊசி மருந்துகள் உறைந்தால் வீரியம் போய்விடும். அவற்றோடு வைக்கும் பேக்கை வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தால் பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் பிள்ளைக்குப் போகிற மருந்தில் வீரியம் இருக்காது.

தட்டம்மை மருந்தில்தான் கவனம் தவறினால் ஆபத்து அதிகம். தூளைக் கரைப்பானில் கரைத்து ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் புதிய சிரிஞ்ச். 2017 மே மாதம் தென் சூடானில் ஒரு கிராமத்தில் இதில் எதுவும் நடக்கவில்லை. ஒரே சிரிஞ்ச் நான்கு நாள் ஓடியது, மருந்து குளிரில் வைக்கப்படவில்லை, ஊசி போட்டவர்களில் 12 வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள். 15 குழந்தைகள் இறந்தன. பயிற்சியும் மேற்பார்வையும் பின்தங்கிய இடத்துக்கு மருந்தை மட்டும் அனுப்பினால் இப்படித்தான் முடியும். பெட்டி போய்ச் சேர்ந்ததைச் சமத்துவம் என்று எழுதிக்கொள்பவர்கள் இந்தக் கிராமத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காஸாவில் என்ன நடந்தது?

2024 ஜூன் இறுதியில் எடுத்த கழிவுநீர் மாதிரிகளில் இரண்டாம் வகைப் போலியோ வைரஸ் தெரிந்தது. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் முடங்கியது உறுதியானது. காஸாவில் 25 ஆண்டுகளில் முதல் நோயாளி. செப்டம்பர் 1 முதல் 12 வரை மத்தியப் பகுதி, தெற்கு, வடக்கு என்று வரிசையாக இடைநிறுத்தம் செய்து, பத்து வயதுக்குட்பட்ட சுமார் 5.6 லட்சம் குழந்தைகளுக்கு முதல் தவணை கொடுக்கப்பட்டது. இரண்டாம் தவணை அக்டோபர் 14இல் தொடங்கியது. வடக்கில் தாக்குதல் தீவிரமானதால் அங்கே தள்ளிப்போய், நவம்பர் 2இல் காஸா நகரத்தில் மட்டும் தொடங்கியது. அன்றே அங்குள்ள ஒரு சுகாதார மையம் தாக்கப்பட்டு நான்கு குழந்தைகள் உட்பட ஆறு பேர் காயமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தாங்கள் தாக்கவில்லை என்றது இஸ்ரேல்.

94 சதவீதம் போட்டாகிவிட்டதே, போதாதா?

காஸாவின் இரண்டாம் சுற்று முடிந்தபோது சொல்லப்பட்ட எண் அதுதான்: 5,56,774 குழந்தைகள், இலக்கில் 94 சதவீதம். போலியோ பரவலை நிறுத்தக் குறைந்தது 90 வேண்டும் என்பார்கள். அந்த அளவுகோலில் வெற்றி. ஆனால் வடக்கிலுள்ள ஜபாலியா, பெய்ட் லாஹியா, பெய்ட் ஹனூன் பகுதிகளில் 7,000 முதல் 10,000 வரை குழந்தைகளை எட்டவே முடியவில்லை.

விடுபட்டவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் சுற்றியுள்ளவர்களின் எதிர்ப்புச் சக்தி அவர்களையும் ஓரளவு காக்கும். எல்லோரும் ஒரே இடத்தில் அடைந்திருந்தால் வைரஸுக்கு அந்த இடம் போதும். சராசரி எண் இதை மறைத்துவிடும். சுகாதாரச் சமத்துவம் பற்றிப் பேசும் எவரும் முதலில் கேட்க வேண்டியது “எத்தனை பேருக்குப் போட்டீர்கள்” என்பதல்ல, “விடுபட்டவர்கள் எந்த ஊர்” என்பது.

அதைச் சரிபார்க்க எளிய முறை உண்டு. ஒரு பகுதியில் ஆறு இடங்களைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் பத்துக் குழந்தைகளின் சுண்டுவிரலைப் பார்ப்பது. 60 விரல்களில் மை இல்லாதவை மூன்றுக்குள் என்றால் அந்தப் பகுதி தேறியது, நான்கு என்றால் மறுபடியும் போக வேண்டும். பார்ப்பவர் மருந்து கொடுத்த குழுவைச் சேராதவராக இருக்க வேண்டும். அமைதி நேரம் முடிந்துவிடுவதால் இந்த வேலைதான் பெரும்பாலும் வெட்டுப்படுகிறது. எனவே அனுமதி கேட்கும்போதே இதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள்.

மக்கள் ஏன் சந்தேகப்படுகிறார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் ஒசாமா பின் லேடனைத் தேட, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ ஒரு போலி மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாமைப் பயன்படுத்தியது. அது வெளியே வந்த பிறகு 2012 ஜூனில் வட வசீரிஸ்தானில் போலியோ மருந்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே டிசம்பரில் பாகிஸ்தானில் சொட்டு மருந்து ஊழியர்கள் ஒன்பது பேர் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டார்கள். இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னது 2014 மே மாதம். ஒரு போலி முகாமுக்கான விலையை வாசலில் நின்ற பெண் ஊழியர்கள் கொடுத்தார்கள்.

இதனால் சமாதானம் வருமா? ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகச் சமாதான ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிரேம் மக்வீனும் ஜோவன்னா சாந்தா-பார்பராவும் 2000இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. மருத்துவப் பணி சமாதானத்துக்கு உதவும் வழிகளாக அவர்கள் சொன்னவை: மோதலைக் கையாளுதல், ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்றல், சமூக இழையை வலுப்படுத்துதல், எதிர்ப்புக் குரல் எழுப்புதல், போரின் அழிவைக் கட்டுப்படுத்துதல். நல்ல பட்டியல். ஆனால் ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எதிர்ப்புக் குரல் எழுப்புகிறவருக்கு மறுநாள் சாவடி திறக்காது. சாவடி திறக்க வாயை மூடிக்கொள்பவர் கண்ணால் கண்டதைச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே நிறுவனம் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும். அந்த வேலைகளைப் பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சமாதானம் வருமா என்றால், வரலாறு பெரிதாக ஆதரிக்கவில்லை. எல் சால்வடோரில் முதல் அமைதி நாளுக்குப் பிறகு ஏழு ஆண்டு போர் நடந்தது. சூடானில் ஒப்பந்தம் வர 2005 ஆயிற்று. இலங்கையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். மருத்துவர்கள் சமாதானத்தைக் கொண்டுவருவார்கள் என்று நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் சொல்லாமலிருப்பது நல்லது. அந்த வாக்குறுதி தரப்பினரின் காதில் விழுந்தால், சொட்டு மருந்துக்குள் அரசியல் இருக்கிறது என்று அவர்கள் பின்வாங்கவும் கூடும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா?

1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 23ஆம் பிரிவு: குடிமக்களுக்கான மருத்துவப் பொருட்களுக்கு வழிவிட வேண்டும். ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2286ஆம் தீர்மானம் (2016) மருத்துவமனைகளையும் ஊழியர்களையும் தாக்குவதைக் கண்டித்தது. 2565ஆம் தீர்மானம் (2021) கொரோனா தடுப்பூசிக்காகச் சண்டையை இடைநிறுத்தக் கோரியது. கடிதத்தில் எண் குறிப்பிடலாம். சாவடியில் அது செல்லாது.

அமைதி நாள் முடிந்த மறுநாள் என்ன வேலை?

காலி, பாதி, திறக்காத குப்பிகளைத் தனித்தனியாக எண்ணித் திரும்ப அனுப்ப வேண்டும். இரண்டாம் வகைப் போலியோ மருந்தானால் ஒரு குப்பிகூட வெளியே தங்கக் கூடாது. உயிருள்ள வைரஸ் அது, தடுப்பு குறைந்த இடத்தில் கசிந்தால் அதுவே அடுத்த பரவலுக்கு விதையாகலாம். விடுபட்ட ஊர்களின் பட்டியல் அன்றிரவே நடுவரிடம் போக வேண்டும், அடுத்த சுற்றுக்கான பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும். வாக்குறுதி மீறப்பட்டிருந்தால் நேரம், இடம், நடந்தது என்ன என்று மட்டும் எழுதி இரு தரப்புக்கும் ஒரே நகலை அனுப்புங்கள். ஊழியர்களின் தினப்படியை அதே வாரத்தில் கொடுத்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து அவர்களிடம்தான் மறுபடியும் போய் நிற்க வேண்டும்.